கடையில் நாற்பது ஸ்டூல் இருந்தது, யாரும் உட்காரவில்லை

தென்மாவட்டத்து ஜவுளிக்கடை ஒன்றில் 2022 ஆடியிலிருந்து 2023 ஆடி வரை நடந்ததை எழுதுகிறேன். ஊர், கடை, ஆட்கள் பெயர் எதுவும் இதில் இல்லை. அந்தக் கடையில் நான் வேலை பார்த்தேன், நடந்த தப்புகளில் என் பங்கும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பின்னணி

கடைத்தெருவில் மூன்று தளக் கடை. கீழே வேட்டி, சர்ட்டிங், ரெடிமேட். முதல் தளம் முழுக்கச் சேலை. மேலே பட்டும் சுடிதாரும். எழுபது பேர் வரை வேலை, முக்கால்வாசி பெண்கள், பாதிப் பேர் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள். நான் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு கணக்கு பார்த்தேன். கதவில் எச்.ஆர். என்று எழுதியிருக்கும். ஆனால் மாசத்தில் பாதி நாள் நான் தளத்துக்கே போனதில்லை, கணக்கு அறையில் ஏசியில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இந்த விஷயத்தில் அது முக்கியம், அதனால் சொல்கிறேன்.

வேலை நேரம் காலை ஒன்பதே காலிலிருந்து இரவு ஒன்பது. மதியம் முறைபோட்டு அரை மணி நேரம் சாப்பாடு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது, ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வும் தரவேண்டும். எங்கள் பதிவேட்டில் எல்லாம் சட்டப்படிதான் இருந்தது. பதிவேட்டை எழுதியது நான்தான், அதனால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2021-ல் அந்தச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடை, நிறுவனம் எதுவானாலும் எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக்கூடாது, இதுதான் சாரம். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. தொழிற்சாலைகளுக்கோ 1948 சட்டத்திலேயே, 44-வது பிரிவில், இதே ஏற்பாடு இருந்தது. மில்லில் நிற்பவருக்கு அன்றே கிடைத்தது ஜவுளிக்கடையில் நிற்பவருக்கு வந்துசேர 73 வருஷம் ஆகியிருக்கிறது.

சட்டம் வந்த கொஞ்ச நாளில் அண்ணாச்சி, எங்கள் முதலாளியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், நாற்பது பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். பில்லை நான் ஃபைலில் வைத்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று நடந்தது

ஆடித் தள்ளுபடி, இரண்டாவது ஞாயிறு. பகல் பன்னிரண்டரை மணிக்குச் சேலை செக்ஷனில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டார் என்று இன்டர்காமில் கூப்பிட்டார்கள். முப்பது வயசு இருக்கும், கடைக்கு வந்து மூன்று வருஷம். கவுண்டருக்குப் பின்னால் சரிந்து கிடந்தார், நெற்றி அலமாரி ஓரத்தில் இடித்து லேசாகக் காயம். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார். திறந்ததும் கேட்டது, “அக்கா, அந்த நீல பார்டர் பீஸ் பில்லுக்குப் போயிருச்சா?”

காலில் செருப்பு இல்லை, தளத்தில் செருப்புப் போடக்கூடாது என்பது கடை வழக்கம். பாதம் இரண்டும் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்துபோயிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் திருகித்தான் கழற்ற முடிந்தது, ஒன்று வரவே இல்லை, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள்.

டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன். காலையில் சாப்பிடவில்லை, பஸ் போய்விடும். தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் பாத்ரூம் போகவேண்டும். அன்று மாதவிலக்கு இரண்டாம் நாள். டாக்டர் சொன்னது எளிமையான விஷயம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நிற்கிறவருக்கு அது நடக்காது, ரத்தம் காலிலேயே தேங்கும், அதோடு உடம்பில் தண்ணீரும் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் விழுவார். இப்படியே வருஷக்கணக்கில் நின்றால் நரம்புச் சுருட்டல் வரும் என்று சொல்லி முழங்காலுக்குப் பின்னால் காட்டினார், அவருக்கு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

அவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக மாசாமாசம் நான் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நோய்க்கால விடுப்புக்கு 70 சதவீதம் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதை அன்றுதான் அவரிடம் சொன்னேன். “இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்க அக்கா லீவுக்கு வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டா மேடம்” என்றார். அவருடைய அக்காவும் எங்கள் கடையில்தான் வேலை பார்த்தார்.

மூன்று நாள் நின்று பார்த்தது

அண்ணாச்சியிடம் போனேன். “சட்டம்னாங்க, வாங்கிப் போட்டாச்சு. உட்காராதேன்னு நான் யாருகிட்டயாவது சொன்னேனா?” என்றார். உண்மையிலேயே சொன்னதில்லை. சரி, பிறகு ஏன் யாரும் உட்காரவில்லை என்று பார்க்க அடுத்த வாரம் மூன்று நாள் தளத்தில் நின்றேன். முதல் நாள் மதியம் மூன்று மணிக்கே எனக்குக் குதிகால் எரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஸ்டூல்களைத் தேடினேன். பாதிக்கு மேல் மாடிப்படிக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்றாக, மேலே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தளத்துக்கு வந்தவற்றில் ஒன்றின் மேல் பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியிருந்தார்கள், ஒன்றில் சாமி படமும் பூவும், சிலவற்றில் கஸ்டமர்களின் குழந்தைகள். பணியாளர் ஒருவர்கூட இல்லை.

நானே ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. ஸ்டூல் வீட்டு ஸ்டூல், ஒன்றரை அடி. கவுண்டர் மூன்றடி. உட்கார்ந்தால் ஆள் கவுண்டருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார், வருகிறவருக்கு ஆளே இல்லாத கவுண்டராகத் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் பழைய ஜவுளிக்கடையில் இந்தப் பிரச்சினையே கிடையாது. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்க வந்த குடும்பமும் உட்கார்ந்திருக்கும், சேலை நடுவில் விரியும். ஷோரூம் கவுண்டர் வந்தபோதுதான் எல்லோரும் எழுந்து நின்றோம், அப்புறம் ஏதோ ஆதிகாலத்திலிருந்தே அப்படித்தான் என்பதுபோல ஆகிவிட்டது.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கீழ்த்தளத்தில் சர்ட்டிங் செக்ஷன் ஆண்களுக்குக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது, துணி ரோல் அடுக்குவதற்கு என்று போட்டது. ஆள் குறைந்த நேரத்தில் அதில் அவர்கள் சாவகாசமாக உட்கார்ந்தார்கள், வருஷக்கணக்காக. யாரும் அதைத் தப்பாகப் பார்க்கவில்லை, பார்த்ததாகவே யாருக்கும் நினைவில்லை. அதே கடை, அதே முதலாளி, ஒரு மாடி ஏறினால் வேறு சட்டம்.

கழிப்பறை கீழே குடோனை ஒட்டி. பெண்களுக்கு ஒன்று. சாவி வாட்ச்மேனிடம், அவரிடமே ஒரு நோட்டு, போன நேரம் வந்த நேரம் எழுதவேண்டும். லிப்ட் கஸ்டமருக்கு மட்டும். மேல்தளத்திலிருந்து இரண்டு மாடி இறங்கி, ஒரு ஆணிடம் சாவி கேட்டு, நோட்டில் எழுதி, மறுபடி ஏறவேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவோ சுலபம்.

முதல் முடிவும் அது பலிக்காததும்

இவ்வளவு பார்த்தும் நான் செய்த முதல் காரியம் ஒரு சர்க்குலர். ‘வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பணியாளர்கள் அமர்ந்து கொள்ளலாம்’ என்று அச்சடித்து மூன்று தளத்திலும் ஒட்டினேன், அண்ணாச்சி கையெழுத்தோடு. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அவர்களும் எழுந்துவிட்டார்கள்.

மெஸ்ஸில் அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் யாரும் பேசவில்லை, இரண்டாம் நாள் ஊறுகாய் கேட்டார்கள், நாலாவது நாள் ஒரு பெண் போனை என் பக்கம் திருப்பினார். தள சூப்பர்வைசர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை ஒரு சூப்பர்வைசர் இவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சியின் மகன், சின்னவர், வீட்டிலிருந்தே சிசிடிவி பார்ப்பார். யாராவது உட்கார்ந்திருந்தாலோ, சுவரில் சாய்ந்திருந்தாலோ அந்தக் காட்சியைப் படமெடுத்து, ஆளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஒரு கேள்விக்குறியோடு குரூப்பில் போடுவார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. என் சர்க்குலர் ஒட்டிய இரண்டாம் நாளும் ஒரு வட்டம் வந்திருந்தது.

அடுத்து இன்சென்டிவ், விற்றதற்கு ஏற்றபடி கிடைக்கும் ஊக்கத்தொகை. பில்லில் விற்றவரின் கோடு நம்பர், அதாவது ஆளுக்கென்று கொடுத்த எண், விழும், மாசக் கடைசியில் அதை வைத்துத்தான் கணக்கு. படியேறி வரும் கஸ்டமர் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாரோ அவரிடம்தான் போவார். “நிக்கிறவளுக்குத்தான் கஸ்டமர் மேடம். உட்கார்ந்தா உட்கார்ந்த எடத்துலயே இருக்க வேண்டியதுதான்.” நான் போட்ட சர்க்குலர் உட்காரச் சொன்னது, நானே போடும் சம்பளப் பட்டியல் நிற்கச் சொன்னது. எது ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது சுற்று

ஆவணியில் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை கழிப்பறையிலிருந்து. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்பவர் முன்னின்று கட்டிய பெண்கூட்டு அமைப்பும் முதலில் கேட்டது நாற்காலியை இல்லை, கழிப்பறையைத்தான், அந்தப் போராட்டம்தான் வளர்ந்து கேரளச் சட்டம் வரை போனது. எங்கள் இரண்டாம் தளத்தில் ஒரு பாத்ரூம் ஏற்கெனவே இருந்தது, பழைய அட்டைப்பெட்டிகளைப் போட்டு அடைத்திருந்தார்கள். இரண்டு நாளில் காலி செய்து, குழாயை மாற்றி, மூடி போட்ட குப்பைத்தொட்டி ஒன்று வைத்தோம். சாவியும் கிடையாது நோட்டும் கிடையாது. மொத்த வேலையிலும் சண்டையில்லாமல் முடிந்தது இது ஒன்றுதான்.

சிவப்பு வட்டத்தை நிறுத்துவது சுலபமாக இல்லை. சின்னவரோடு பேசி ஆகவில்லை, அண்ணாச்சியிடமே உட்கார்ந்து பேசினேன். சட்டத்தைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அவருடைய மைத்துனர் மில்லில் பெஞ்சு போட்டிருப்பதைச் சொன்னேன், “மில்லுக்குக் கஸ்டமரா வர்றான்?” என்றார். “ஆளுங்க உட்கார்ந்திருந்தா கடை களையிழந்திரும்மா” என்பதுதான் அவர் மனசில் இருந்தது. அப்போது முப்பது வருஷமாக வேட்டி செக்ஷனில் இருக்கும் பெரியவர் ஒருவர், கணக்கு கொடுக்க வந்தவர், “பெரியண்ணாச்சி காலத்துல மெத்தையில உட்கார்ந்துதான அண்ணாச்சி வித்தோம், கடை களையாத்தான இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை.

ஆனால் அவரை இறங்கிவரச் செய்தது அது மட்டும்தான் என்று கதை சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஆள் எடுக்கவேண்டும், ஆள் கிடைக்கவில்லை, அந்த மாசம் மட்டும் நாலு பேர் பக்கத்து ஊர்ப் பெரிய கடைக்குப் போயிருந்தார்கள். குரூப்பில் படம் போடுவது நின்றது. கேமரா திருட்டுக்கும் தகராறுக்கும் மட்டும் என்று சூப்பர்வைசர்கள் முன்னால் அவரே சொன்னார்.

இன்சென்டிவை மாற்றியதில் எதிர்ப்பு பெண்களிடமிருந்தே வந்தது. நாலு பேர் கொண்ட கவுண்டருக்கு ஒரே கோடு, வருவதைச் சமமாகப் பிரிப்பது என்பது என் திட்டம். சேலை செக்ஷனில் முதலிடத்தில் இருந்த பெண் நேராகவே கேட்டார், “நான் பத்து பீஸ் ஓட்டுறேன், அவ ரெண்டு. எதுக்கு மேடம் நான் பிரிச்சுக் குடுக்கணும்?” நியாயம்தான். பாதி சொந்தக் கோடுக்கு, பாதி கவுண்டருக்கு என்று முடிவானது. கஸ்டமரை எடுப்பதற்கு முறை வைத்தோம், முறை வராதவர் உட்காரலாம்.

அப்புறமும் முதல் தளத்தில் யாரும் உட்காரவில்லை. காரணம் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருஷம் கவுண்டரில் நின்று மேலே வந்தவர், “நாங்கள்லாம் நின்னுதான வந்தோம்” என்பது அவர் பேச்சு. அவரோடு நான் வாதாடவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, ஸ்டாக் நோட்டை இனிமேல் உட்கார்ந்து எழுதுங்கள் அக்கா என்றேன். இரண்டு நாள் நின்றே எழுதினார். மூன்றாம் நாள் உட்கார்ந்தார், உட்கார்ந்து காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், எதிர்க் கவுண்டரில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த வாரமே அவர்களும் உட்கார்ந்தார்கள்.

தீபாவளி

புரட்டாசி கடைசியில் எல்லாம் உடைந்தது. கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று தளத்தில் இருந்த ஸ்டூல்கள் மொத்தமும் குடோனுக்குப் போயின. இரவு பதினொன்று வரை கடை. மதியச் சாப்பாடு பதினைந்து நிமிஷம். 54 மணி நேரக் கணக்கெல்லாம் எங்கோ போய்விட்டது. ஓவர்டைம் என்று தனியாக இல்லை, போனஸோடு சேர்த்து ஒரு தொகை. நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும் என்று எல்லோரையும் போல இருந்தேன். பண்டிகை முடிந்த வாரத்தில் இரண்டு பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். புது பாத்ரூம் மட்டும் அந்தக் கூட்டத்திலும் திறந்தே இருந்தது.

கார்த்திகையில் லேத் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கவுண்டரைக் காட்டினேன். இரும்புக் குழாயில் மடக்குப் பலகை, கவுண்டரின் உள்பக்கத்திலேயே போல்ட் போட்டது, இழுத்தால் இருக்கை, விட்டால் மடங்கிக்கொள்ளும், பாதம் வைக்கக் கீழே ஒரு குழாய். சேலை கட்டியவர் ஏறி உட்காரமுடிகிற உயரம் எது என்று மூன்று பேரை உட்காரவைத்துப் பார்த்து, இரண்டு தடவை வெட்டி ஒட்டினார். உட்கார்ந்தாலும் முகம் கஸ்டமருக்குத் தெரியும், கூட்டத்தில் இடத்தை அடைக்காது. அடுத்த தீபாவளிக்கு இதைக் குடோனுக்குத் தூக்க முடியாது என்பதும் என் கணக்கில் இருந்தது.

மயங்கி விழுந்த பெண்

பதினோரு நாள் விடுப்பு, இ.எஸ்.ஐ.யிலிருந்து பணம் வந்தது. திரும்பி வந்ததும் நான் அவரைப் பில்லிங்குக்கு மாற்றினேன். உட்கார்ந்த வேலை, ஏசி, நல்லதுதானே என்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லிங்கில் இன்சென்டிவ் கிடையாது. முதல் மாசச் சம்பளம் வாங்கியதும் வந்து நின்றார், “நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?” கடைக்குள் எல்லோரும் அதைத் தண்டனையாகத்தான் பார்த்தார்கள், ‘விழுந்தா பில்லிங்’ என்று ஒரு பேச்சே ஓடியிருக்கிறது. அதனால் தலைசுற்றல், கால்வலி என்று எதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் எனக்கு வந்த புகார் பூஜ்யம். நானோ நிலைமை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை முகூர்த்த சீசனில் சேலைக்கே திரும்பிப் போனார், காலுக்கு இறுக்க சாக்ஸ் போட்டுக்கொண்டு, மடக்குப் பலகை உள்ள கவுண்டரில்.

ஓராண்டு கழித்து

2023 ஆடியில் மறுபடி மூன்று நாள் தளத்தில் நின்றேன். முதல் தளத்தில் மதிய நேரத்தில் ஒரு கவுண்டருக்கு ஒருவராவது உட்கார்ந்திருந்தார், சூப்பர்வைசர் வந்தபோது எழுந்திரிக்கவும் இல்லை. பட்டு செக்ஷனில் அரைகுறை. கீழ்த்தள ரெடிமேடில் பெண்கள் யாரும் உட்காரவில்லை, கண்ணாடிக்கு வெளியே தெருவிலிருந்து தெரியும் என்பதால் அங்கே மட்டும் மடக்குப் பலகை போட அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. மதிய இடைவேளை முக்கால் மணி நேரமாகியது, சட்டம் சொல்லும் ஒரு மணி நேரம் இல்லை. வேலை நேரம் அப்படியே.

திரும்பச் செய்வதானால் சர்க்குலர் ஒட்டுவதற்கு முன் மெஸ்ஸில் போய்ச் சாப்பிடுவேன். இன்சென்டிவ் கணக்கை முதல் வாரமே கையில் எடுப்பேன். விழுந்த பெண்ணிடம் எங்கே வேலை செய்ய விருப்பம் என்று கேட்டிருப்பேன். இ.எஸ்.ஐ. விவரத்தை வேலைக்குச் சேரும் அன்றே சொல்கிறேன், இது ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று. பதிவேட்டில் உண்மையான நேரத்தை எழுதுவதுதான் முதலில் செய்திருக்கவேண்டிய வேலை, அதை மட்டும் இன்னும் செய்யவில்லை.

கடைசியாக ஒன்று. அந்த மூன்றாம் நாள் இரவு கடை சாத்தும்போது வாசல் வாட்ச்மேனைப் பார்த்தேன். அறுபது தாண்டிய மனிதர், காலையிலிருந்து கதவைத் திறந்து கும்பிட்டபடி நிற்கிறவர். அவர் ஏஜென்சி ஆள், எங்கள் பட்டியலில் பெயரே இல்லை, அதனால் ஒரு வருஷமாக உட்காருவதைப் பற்றிப் பேசிய எந்தப் பேச்சிலும் அவர் வரவில்லை. சாவி நோட்டு வைத்திருந்தவர் என்ற அளவில்தான் அவர் எங்களுக்கு நினைவு. மறுநாள் மாடிப்படிக்குக் கீழிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து, உறையைக் கிழித்து, அவரிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் பார்த்தபோது ஸ்டூல் மேல் அவருடைய டிபன் பை இருந்தது, அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.